மச்சாள் சொன்ன இந்திப் படம்

மச்சாளிடம் ஒரு சொல்லைக் கொடுத்தால் அது அப்படியே போய்ச் சேரும். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். நல்ல சொல்லும் அப்படித்தான். கெட்ட சொல்லும் அப்படித்தான்.

அவர் என் அண்ணனின் மனைவி. அண்ணன் இப்போது இல்லை. மச்சாள் இங்கிருந்து போய் மகளோடு முருங்கனில் இருக்கிறார். நான் இங்கே மன்னார்த் தீவில், கரையில்தான்.

எனக்கும் அண்ணனுக்கும் ஒருமுறை கதை பேச்சு இல்லாமல் போனது. ஒரு எஞ்சின்தான் காரணம். இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியது. எவன் படகில் அது இருப்பது என்று சண்டை. எட்டு மாதம் கதைக்கவில்லை. ஒரே வளவு, ஒரே கிணறு. சொல்ல வேண்டியதை மச்சாள்தான் அங்கும் இங்கும் கொண்டு போவார்.

ஒரு நாள் காலை என் வாசலில் வந்து நின்றார்.

"கொண்ணர் சொல்லச் சொன்னவர், நீ ஒரு நன்றி கெட்ட நாயாம்."

நான் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

"பல்லு விளக்கிக்கொண்டு நிண்டு சொன்னவர். சொல்லிப்போட்டு வாய் கொப்பளிச்சவர். பிறகு, அவன் சாப்பிட்டானோ எண்டும் கேட்டவர்."

"நாய் சாப்பிட்டுதாம் எண்டு போய்ச் சொல்லுங்கோ."

"நாய் சாப்பிட்டுது. வேற?"

"வேற ஒண்டுமில்லை."

போய் அதையே சொன்னார். அண்ணன் சிரித்தது எனக்கு இங்கே கேட்டது.

வேறு ஆள் என்றால் நாயை வழியில் விழுங்கிவிட்டு, சாப்பிட்டானோ என்பதை மட்டும் கொண்டு வந்திருக்கும். இன்னொரு ஆள் நாயை மட்டும் கொண்டு வந்திருக்கும். மச்சாள் இரண்டையும் கொண்டு வந்தார். அதற்குப் பிறகு சண்டை நெடுநாள் நீடிக்கவில்லை. அண்ணன் கிணற்றடியில் ஒதுங்கி வழிவிட்டார். நான் கயிற்றைக் கையில் கொடுத்தேன். அவ்வளவுதான்.

எங்கள் கரையில் ஒரு சம்மாட்டியார் இருக்கிறார். கரைவலைக்குச் சொந்தக்காரர். வாய் கெட்டவர். மனம் அப்படி இல்லை. ஒரு நாள் அவர் வேலையாள் வரவில்லை. மச்சாள் அந்தப் பக்கம் போவதைக் கண்டு கூப்பிட்டார்.

"பிள்ளை, அவனிட்ட ஒண்டு சொல்ல வேணும்."

"சொல்லுங்கோ. அப்பிடியே சொல்லுறன்."

சம்மாட்டியார் வாயைத் திறந்தார். மூடினார். மச்சாள் பொறுமையாக நின்றார்.

"சரி விடு. நாளைக்கு வரட்டாம் எண்டு மட்டும் சொல்லு."

ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். மச்சாளிடம் சொல்லி அனுப்ப முன்னம் ஆட்கள் தங்கள் வாயை ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள்.

அண்ணன் மன்னார் ஆஸ்பத்திரியில் நெஞ்சு வருத்தத்தோடு கிடந்தபோது நான் கடலில். கரைக்கு வர முன்னம் அவர் போய்விட்டார். மச்சாள் என்னைக் கண்டதும் சொன்னார்.

"எஞ்சினை நீ வச்சிருக்கட்டாம். மூதேவி, ஒயில் மாத்துறதில்லை எண்டும் சொன்னவர்."

அழுதுகொண்டுதான் சொன்னார். ஆனால் மூதேவியை விடவில்லை. அதனால்தான் அது அண்ணனின் வாயால் வந்தது என்று எனக்குத் தெரிந்தது. இன்றைக்கும் ஒயில் மாற்றும்போது அந்தச் சொல் காதில் விழும். மச்சாள் அதை விட்டிருந்தால் எனக்கு ஒரு எஞ்சின் மட்டும்தான் கிடைத்திருக்கும்.

பிறகு அவர் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். பிள்ளை எங்களோடு வளர்ந்தது. ஒன்பது வருடம் அங்கே இருந்தார். அந்த வீட்டில் சமைக்க ஒரு வடஇந்தியப் பெண். இரண்டு பேருக்கும் ஒரே அறை. அவளிடம் இந்தி பழகினார். வீட்டுக்காரியிடம் அரபு பழகினார். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர்.

வீட்டுக்காரிக்கும் சமையற்காரிக்கும் நடுவில் மச்சாள்தான் மொழி. சமையற்காரியின் தாய் கடும் வருத்தத்தில் சாகக் கிடந்தாள். ஊருக்குப் போக விடச் சொல்லிக் கேட்டாள். வீட்டுக்காரிக்கு விட மனமில்லை. விமானம் ஓடவில்லை என்று சொல்லு என்றாள். மச்சாள் போய்ச் சொன்னாராம்:

"விமானம் ஓடேல்லை எண்டு அவ சொல்லச் சொன்னவ. இது அவவின்ர சொல்லு. நேற்றும் ஒண்டு வீட்டுக்கு மேலால போனது. இது என்ர சொல்லு."

சமையற்காரி அழுது சண்டை பிடித்து ஊருக்குப் போனாள். தாயை உயிரோடு கண்டாள். மச்சாளின் போனை வீட்டுக்காரி இரண்டு மாதம் பறித்து வைத்தாள். இங்கே நாங்கள் அவருக்கு ஏதோ நடந்துவிட்டது என்று மடு மாதாவுக்கு நேர்ந்தோம்.

"எது உங்கட சொல்லு எண்டு காட்டாமல் ரெண்டையும் கலந்து சொல்லியிருந்தால் போனைப் பறிச்சிருக்க மாட்டாளே" என்று பின்னொரு நாள் கேட்டேன்.

"கலந்தால் எது ஆரின்ர எண்டு அவளுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

வரும்போது பெரிய டிவி ஒன்று கொண்டுவந்தார். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தொழில் இல்லை. பூசை முடிந்து, சாப்பிட்டு, ஆட்கள் மச்சாள் வீட்டுக்கு வருவார்கள். மன்னார் பட்டினத்தில் இருந்து யாராவது படம் கொண்டு வருவார்கள். இந்திப் படம். எழுத்து ஒன்றும் கீழே வராது. மச்சாள் டிவிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு அமர்ந்து தமிழில் சொல்வார். நாங்கள் பாதி படத்தைப் பார்ப்போம், பாதி மச்சாளைப் பார்ப்போம்.

எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்டது இரட்டைப் பிள்ளைகளின் படம். சிரிக்க வைக்கிற பகிடிப் படம். ஒரே முகத்தில் இரண்டு பேர். ஒருவன் நகைக்கடை வைத்திருக்கிறான். மற்றவன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறான். ஒருவனுக்குக் கட்டிய மனைவி மற்றவனைப் பிடித்து அடிப்பாள். பொலிஸ் ஒருவனைப் பிடிக்கும், மற்றவனை விடும்.

முதல் நாள் எங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"இவன் ஆர் பிள்ளை, நகையோ கோப்பையோ?" என்று சம்மாட்டியார் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மச்சாள் படத்தை நிறுத்தினார். திரும்ப முதலில் இருந்து போட்டார். இந்தமுறை நகைக்கடைக்காரனை உயிலங்குளத்து வயல்காரர் போலக் கதைக்க வைத்தார். ஆறுதலாக, இழுத்து. கோப்பை கழுவுகிறவனை எங்கள் கரையார் போலக் கதைக்க வைத்தார்.

"இருங்கோவன் தம்பி, என்ன அவசரம், இருந்து கதைப்பம்." இது நகை.

"டேய், சொல்லுறதைச் சொல்லு. காத்து மாறப் போகுது." இது கோப்பை.

வீடு இடிகிற மாதிரிச் சிரித்தோம்.

"மெய்யா அவன் காத்து எண்டு சொன்னவனோ?" என்று கேட்டேன்.

"இல்லை. நேரமில்லை எண்டு சொன்னவன். காத்து என்ர."

கேட்டால் ஒளிக்க மாட்டார். கெட்ட சொல் வந்தால், வருகிறது என்று சொல்லிவிட்டுத்தான் அதை விடுவார்.

"இதில ஒரு தூசணம் வருது. விடுறன்."

"அதைக் கேக்கத்தானே பிள்ளை வந்தனாங்கள்" என்பார் சம்மாட்டியார்.

"வீட்டை போய் மனுசியிட்டக் கேளுங்கோ. அவ உங்களுக்குச் சொல்லுவா."

அந்த நாட்களில் எங்கள் கரைப் பக்கம் தெருப் போட ஒரு கொம்பனி வந்திருந்தது. வேலைக்கு வடஇந்தியப் பொடியன்கள். எல்லாரும் மஞ்சள் தொப்பி, ஒரே மாதிரி மேற்சட்டை. எங்களுக்கு ஒருவனையும் மற்றவனையும் பிரித்துத் தெரியாது. அவர்களில் ஒருவன் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சாள் வீட்டு வாசற்படியில் வந்து இருப்பான். அவனுடைய மொழிப் படம்தானே. மச்சாள் சொல்லி முடிக்க முன்னமே சிரிப்பான்.

"அவன் சிரிச்சிட்டான், கெதியாச் சொல்லுங்கோ" என்று நாங்கள் அந்தரப்படுவோம்.

சில கிழமை சிரிக்க மாட்டான். உம் என்று இருப்பான். வீட்டு நினைவு போல என்று விட்டுவிடுவோம்.

இரட்டையர் படம் மூன்றாம் முறையும் ஓடி முடிந்த அன்று மச்சாள் ஒன்று சொன்னார்.

"இவ்வளவு பேர் அடிச்சினம், ஏசினம், கட்டிப் பிடிச்சினம். ஒருத்தராவது அவனிட்ட நீ ஆரெண்டு கேக்கேல்லை."

"கேட்டால் படம் பத்து நிமிசத்தில முடிஞ்சிடும்" என்றார் சம்மாட்டியார்.

அதற்கு அடுத்த மாதம் என் வலை போனது.

நண்டு வலை. புதிது. ஒரு மாதம்கூடக் கடல் காணாதது. கழுவி, தெருவோரம் மணலில் காய விரித்திருந்தேன். நான் படகடியில், முழங்கால் தண்ணீரில் நின்றேன். கிரவல் லொறி ஒன்று திருப்புவதற்குப் பின்னால் வந்தது. வலை சில்லில் சுற்றியது. சத்தம் போட்டேன். லொறி நின்றது. சாரதி இறங்கினான். சுற்றிய வலையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கத்தி எடுத்து வெட்டினான். ஏறிப் போய்விட்டான்.

முகத்தைக் கண்டேன். மச்சாள் வீட்டு வாசற்படியில் இருக்கிறவன்.

கரைக்கு ஓடி வந்து வலையைத் தூக்கினேன். மூன்று துண்டு. நடுத்துண்டு கையில் நூலாக வந்தது. வலை இல்லாமல் நான் கரையில் நிற்கிற கட்டைதான்.

இரண்டு நாள் கழித்து அவன் கடையில் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கிக்கொண்டு நடந்து வந்தான். சட்டையைப் பிடித்தேன். ஒரு அறை விட்டேன். பாண் மணலில் விழுந்தது. அவன் கை ஓங்கவில்லை. ஓடவும் இல்லை.

ஆட்கள் கூடினார்கள். சம்மாட்டியார் வந்தார். யாரோ கொம்பனி மேற்பார்வையாளருக்குப் போன் பண்ணினார்கள். ஆளைக் காட்டித் தாருங்கள், நாளைக்கே விமானத்தில் ஏற்றிவிடுகிறேன், வலைக்கும் வழி செய்கிறேன் என்றாராம். வந்துகொண்டிருந்தார்.

மச்சாளைக் கூப்பிட்டோம். மீன் வெட்டிய கையோடு வந்தார். மணலில் கிடந்த பாணை எடுத்துத் தட்டி அவன் கையில் கொடுத்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"என்ன கேக்க வேணும்?"

"ஏன் என்ர வலையை வெட்டினவன் எண்டு கேளுங்கோ."

கேட்டார். அவன் சுருக்கமாகச் சொன்னான்.

"தான் இல்லையாம்."

"நான் கண்ணால கண்டனான்."

அதையும் சொன்னார். அவன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்.

"நீ கண்டிருப்பியாம். எண்டாலும் தான் இல்லையாம்."

சம்மாட்டியார் சிரித்தார். "அப்ப இவனுக்கும் ஒரு ரெட்டை இருக்கோ எண்டு கேள் பிள்ளை."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். மச்சாள் அதையும் கேட்டார். பகிடியைப் பகிடியாகவே கேட்டார்.

அவன் சிரிக்கவில்லை. முகம் வெளிறியது. கதைக்கத் தொடங்கினான். மெல்ல, நீளமாக. நடுவில் கண்ணைத் துடைத்தான். கடைசியில் கையைக் கூப்பினான். பிறகு சுருக்கமாக இன்னும் ஒன்று சொன்னான்.

நாங்கள் மச்சாளின் வாயைப் பார்த்தோம். அது திறக்கவில்லை. அப்படி ஒரு நாளும் நான் கண்டதில்லை.

"என்னவாம்?" என்றார் சம்மாட்டியார்.

"இவன் ஒரு உண்மை சொன்னவன். அதைச் சொல்ல வேண்டாமெண்டு கேக்கிறான். பிறகு ஒரு பொய் சொன்னவன். அதைச் சொல்லச் சொல்லிக் கேக்கிறான்."

"அப்ப பொய்யைச் சொல்லு. கேப்பம்."

"பொய்யெண்டு தெரிஞ்சு நான் காவிக்கொண்டு வர மாட்டன்."

"அப்ப உண்மையைச் சொல்லு."

"அது அவன்ர. அவன் தந்தால்தான் நான் கொண்டு வரலாம்."

"உனக்கென்ன பிள்ளை, அவன் சொந்தமோ? வலை போனது உன்ர புருசன்ர தம்பிக்கு."

"தெரியும். ஆனபடியாத்தான் ரெண்டு சொல்லை விடுறன் எண்டு சொல்லிப்போட்டு விடுறன்."

வாகனம் வந்து நின்றது. மேற்பார்வையாளர் இறங்கினார். கொழும்புப் பக்கத்து ஆள். தமிழ் கதைப்பார். அவசரத்தில் இருந்தார். நேரே என்னிடம் வந்தார்.

"வலைக்காரர் நீங்களா? இந்த ஆளா?"

நான் மச்சாளைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டவில்லை. கண் காட்டவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்ற மாதிரி, கையில் ஒட்டியிருந்த செதிலை உரித்துக்கொண்டு நின்றார்.

பொடியன் என்னைப் பார்த்தான். அதே முகம். அதே கண். சந்தேகம் இல்லை. ஓம் என்றால் எனக்கு வலை. அவனுக்கு விமானம்.

கடலில் என் கண் பலதரம் பிழைத்திருக்கிறது. முகிலைக் கரை என்று ஓடியிருக்கிறேன். மச்சாளின் வாய் ஒருதரமும் பிழைத்ததில்லை.

"இவன் இல்லை" என்றேன்.

பொய் சொல்கிறேன் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"விசரே உனக்கு?" என்றார் சம்மாட்டியார்.

மேற்பார்வையாளர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குப் பிரச்சினை இல்லாமல் போனால் சரி. வாகனம் திரும்பியது. பொடியன் மச்சாளின் காலைத் தொடக் குனிந்தான். அவர் ஓரடி பின்வாங்கி, இந்தியில் ஏதோ சொன்னார்.

"என்ன சொன்னீங்கள்?" என்று கேட்டேன்.

"மீன் தண்ணி, தள்ளி நில் எண்டனான்."

அந்தக் கிழமை நான் சம்மாட்டியாரின் கரைவலையில் கயிறு இழுக்கப் போனேன். கூலிக்கு. ஆட்கள் பகிடி பண்ணினார்கள். மச்சாள் வாயைத் திறக்கேல்லை, மச்சான் கண்ணைத் திறக்கேல்லை என்று. நான் கயிற்றை இழுத்தேன். எனக்கு உள்ளுக்குள் தலை நிமிர்ந்துதான் இருந்தது. இரண்டு பக்கமும் நெருக்க, நடுவில் நின்று ஒரு பொய்யும் சொல்லாமல் ஒருவனைக் காப்பாற்ற இந்தக் கரையில் யாருக்கு முடியும்? எங்கள் வீட்டு ஆளுக்கு முடிந்தது. உண்மை என்ன என்று நானும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வீட்டில் மனைவி கேட்டபோது, அது அவன்ர என்று நானும் சொன்னேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தோம். மச்சாள் வீட்டு வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. அவன் இறங்கினான். பிறகு அவனே மற்றப் பக்கத்தாலும் இறங்கினான்.

ஒரே முகம். ஒரே உயரம். ஒரே மேற்சட்டை. சம்மாட்டியார் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஒருவன் மச்சாளிடம் கதைத்தான். மச்சாள் எங்கள் பக்கம் திரும்பினார்.

"இப்ப சொல்லலாமாம்."

சொன்னார். ஒருவன் அண்ணன், மற்றவன் தம்பி. கால்மணி நேர வித்தியாசம். அண்ணன்தான் சாரதி. தம்பி தார் காய்ச்சுகிறவன். லைசென்ஸ் அண்ணனுக்கு மட்டும். அன்று அண்ணனுக்குக் காய்ச்சல். லொறி ஓடாவிட்டால் வேலை போகும் என்று, அண்ணனின் அடையாள அட்டையைப் போட்டுக்கொண்டு தம்பி ஓட்டினான். அது தெரிந்தால் இரண்டு பேரையும் ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். அதனால்தான் அண்ணன், உண்மையைச் சொல்ல வேண்டாம், வெட்டியது நான்தான் என்று சொல்லு என்று மச்சாளைக் கேட்டிருக்கிறான்.

"இது எங்கட கரையோட நிக்கட்டுமாம். கேக்கினம்" என்றார் மச்சாள்.

நின்றது. தெரு வேலை முடிந்து, அவர்கள் ஊருக்குப் போய், கொம்பனியும் போன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்றும் அன்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாசற்படியில் வந்து இருந்தது ஒருவன் இல்லை. வேலை முறைக்கு ஏற்ப இரண்டு பேரும் மாறி மாறி வந்திருக்கிறார்கள். சிரிக்கிறவன் அண்ணன். உம் என்று இருந்தவன் தம்பி. படத்தில் ஆளை மாற்றிப் பிடித்த சனத்தைப் பார்த்து நாங்கள் ஏழெட்டு மாதம் சிரித்திருக்கிறோம்.

தம்பி என் முன்னால் வந்தான். அவன் சொன்னதை மச்சாள் சொன்னார்.

"உன்னைத் தண்ணிக்குள்ள கண்டவனாம். இறங்கி வந்து கதைச்சிருக்க வேணுமாம். பயத்தில வெட்டிப்போட்டு ஓடினவனாம். பயம் எண்டு சொல்லுறது தப்பச் சொல்லுற சாட்டில்லையாம், நடந்ததைச் சொல்லுறானாம்."

ஓட்டோவில் இருந்து ஒரு கட்டு வலையை இரண்டு பேரும் இறக்கினார்கள். புது வலை. மன்னார்க் கடையில் வாங்கியது. பிரித்துப் பார்த்தேன். நண்டு வலை இல்லை. சூடை மீன் பிடிக்கிற வலை. பாவங்கள், அவர்களுக்கு எங்கே தெரியும். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அந்த வருடம் சூடை பிடித்தேன்.

எனக்கும் ஒரு வேலை மிச்சம் இருந்தது. அடித்தது நான். காய்ச்சலில் கிடந்தவனைப் பிடித்து அடித்திருக்கிறேன். ஆனால் வலை இறக்கிய நேரத்தில் இரண்டு பேரும் இடம் மாறிவிட்டார்கள். எவன் எவன் என்று எனக்குத் தெரியவில்லை. வலப் பக்கம் நின்றவனிடம் போனேன்.

"தம்பி, ஆளறியாமல் கை நீட்டிப்போட்டன். பிழை என்ர. மன்னிச்சுக்கொள்ளு."

மச்சாள் அதை இந்தியில் சொன்னார். அவன் தலையை ஆட்டி, மற்றவனைக் காட்டினான்.

கரை முழுக்கச் சிரித்தது. நான் மற்றவனிடம் போனேன். அதையே திரும்பச் சொன்னேன். அவன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டவன்தான். இந்தியிலும் கேட்டவன்தான். போதும் என்ற மாதிரி கையைக்கூட உயர்த்தினான்.

மச்சாள் அவன் கையை இறக்கிவிட்டு, அவனுக்கு நேரே நின்று, நான் சொன்னதை முதற் சொல்லில் இருந்து கடைசிச் சொல் வரை அவனுக்குச் சொன்னார்.